பியோன்டெக்கின் காலும் தலையும்

எம்ஷர் ஆறு நாறிக்கொண்டிருந்த காலத்தில் அதன் கரையில் வேலை பார்த்தவர்களில் ஒரே ஒருவருக்கு மட்டும் அது நாறவில்லை. அவர் பெயர் ஓட்மார் பியோன்டெக். ஆளுக்கொரு துண்டு நிலம் எடுத்துப் பயிரிடுகிற எங்கள் தோட்டச் சங்கத்தில் எனக்கு அடுத்த துண்டு அவருடையது. நான் சங்கத்தின் செயற்குழுவிலும் இருப்பதால் இந்த விஷயத்தில் பாதியை வேலிக்கு மேலேயும் மீதியைக் கூட்டங்களிலும் தெரிந்துகொண்டேன்.

எங்கள் ரூர் பகுதிச் சுரங்க ஊர்களின் சாக்கடை முழுவதும் நூறு வருடமாக அந்த ஆற்றில் திறந்தபடிதான் ஓடியது. எங்கள் ஊரான ஹெர்னேயில் கோடையில் ஜன்னலைத் திறந்து வைத்திருந்தால் அது வெளியூர்க்காரர் வீடு என்று அர்த்தம். ஓட்மார் பதினாறு வயதில் சாக்கடைப் பராமரிப்பில் சேர்ந்து ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார். மற்றவர்கள் ஒதுங்குகிற இடத்துக்கெல்லாம் மேஸ்திரி அவரைத்தான் அனுப்புவார். அவரும் ரொட்டிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போவார். ஆற்றைச் சுத்தம் செய்து சாக்கடையைப் பூமிக்கடியில் இறக்கிய வருடம் ஊரே கரையில் கூடிக் கொண்டாடியது. மேளம் அடித்தார்கள். கிழவர்கள் மூச்சை உள்ளே இழுத்து இழுத்து அழுதார்கள். ஓட்மாரிடம் உள்ளூர்ப் பத்திரிகைக்காரி ஒருத்தி, "எப்படி இருக்கு?" என்று கேட்டாள். "வாத்து வந்திருக்கு" என்றார்.

பிறவியிலேயே அவருக்கு வாசனை தெரியாது. சின்ன வயதில் அம்மா அதைப் பிடிவாதம் என்று நினைத்தாள். "இந்தப் பால் கெட்டுப்போச்சான்னு பாரு" என்றால் பையன் மொத்தத்தையும் குடித்துவிட்டு, "கெட்டுப்போச்சு" என்பான். கடைசியில் பள்ளிக்கூடத்துக்கு வந்த டாக்டர் ஒரு சீசாவைத் திறந்து அவன் மூக்கில் வைத்தார். கண் எரிகிறது என்றான். வாசனை எப்படி இருக்கிறது என்று கேட்டார். "வாசனைன்னா எல்லாரும் சும்மா சொல்றதில்லையா?" என்றான் பையன். சாமி, தேவதை மாதிரி இதுவும் பெரியவர்கள் மரியாதைக்காகச் சொல்வது என்று அதுவரை நினைத்திருக்கிறான்.

மனைவி ரோஸ்வீட்டா கடைத்தெருவில் ஒரு பெரிய கடையின் வாசனைத் திரவியப் பிரிவில் விற்பனைப் பெண்ணாக இருந்தவள். அங்கே வருகிற ஆண்கள் எல்லாரும் மணிக்கட்டை மோந்து பார்த்துவிட்டு ஏதாவது அபிப்பிராயம் சொல்வார்கள். அம்மாவின் பிறந்தநாளுக்கு வாங்க வந்த ஓட்மார் மட்டும், "இதுல எது மேசையில தட்டினா கவிழாம நிக்கும்?" என்று கேட்டார். நாள் முழுக்க மூக்கால் வேலை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனால் மூக்கைப் பற்றிப் பேச ஆளில்லாமல் இருந்தால் எவ்வளவு நிம்மதி என்று அவளுக்கு அந்த நிமிஷம் தோன்றியதாம். அப்புறம்தான் கல்யாணம்.

நிம்மதி கிடைக்கவில்லை. வீட்டிலும் மூக்கு வேலை அவளுக்கே வந்து சேர்ந்தது. சட்டையை மாற்று, மீனைத் தூக்கிப் போடு, அடுப்பில் முட்டைக்கோஸ் கருகுகிறது என்று நாள் பூராவும் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். சொல்லாத நாளில் ஒரு தடவை பக்கத்து வீட்டுக்காரர் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். புகைக்கு நடுவே ஓட்மார் விளையாட்டுப் பக்கம் படித்துக்கொண்டிருந்தார். எழுத்து மங்கலாகத் தெரிகிறதே, கண்ணாடி மாற்ற வேண்டும் என்று நினைத்தாராம்.

போகப்போக அவருக்கே ஆசை வந்துவிட்டது. "லைலாக் பூத்திருக்கே, அது எப்படி?" என்று கேட்பார். ரோஸ்வீட்டா யோசித்து, "வாசனையைச் சத்தம்னு வெச்சுக்கிட்டா, பக்கத்து ரூம்ல யாரோ மெதுவா பாடுற மாதிரி" என்பாள். "நம்ம சங்கத் தலைவர் லோதர்?" "துளை போடுற மிஷின்." இப்படித்தான் அவர்கள் பேசிக்கொள்வார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் இருந்து எனக்குக் கேட்கும்.

ஓய்வு பெற்ற பிறகு ஓட்மாருக்கு இடது காலில் நரம்பு சுருண்டுகொண்டது. அந்தக் காலில் தள்ளுவண்டி இடித்து ஒரு புண் வந்தது. புண் ஆறவில்லை. வெள்ளரி நட்டபோது வந்தது, வெள்ளரி காய்த்து, ஊறுகாய் போட்டு, அதைத் தின்று தீர்த்து, மறுபடியும் வெள்ளரி நடுகிறபோதும் அப்படியே இருந்தது. கட்டுப் போட வருகிற நர்ஸ், பல்கலைக்கழகத்தில் இந்த மாதிரிப் புண்ணுக்குப் புதுக் களிம்பு ஒன்றைச் சோதிக்கிறார்கள், போய்ப் பாருங்கள் என்றாள்.

டாக்டர் வீப்கே யான்சென் வடக்கே கடற்கரைப் பக்கத்து ஊர்க்காரி. வேகமாகப் பேசுவாள், கையை ஆட்டி ஆட்டிப் பேசுவாள்.

"பியோன்டெக் சார், நம்ம மூக்குல வாசனையைப் பிடிக்க ஏற்பிகள் இருக்கு. பூட்டுன்னு வெச்சுக்கோங்க. ஒவ்வொரு வாசனையும் ஒரு சாவி. இந்தப் பூட்டுங்க மூக்குல மட்டும்தான் இருக்குன்னு நெனச்சிட்டிருந்தோம். பார்த்தா குடல்ல இருக்கு, கிட்னில இருக்கு, தோல்ல இருக்கு. தோல்ல இருக்கிற ஒரு பூட்டை ஒரு குறிப்பிட்ட வாசனையால திறந்தா, தோல் சீக்கிரமா வளருது. கண்ணாடித் தட்டுல வளருது. மனுஷன் கால்ல வளருமான்னுதான் பார்க்கறோம்."

"எந்த வாசனை?"

"அதைச் சொல்ல மாட்டேன். பாதிப் பேருக்கு மருந்துக் களிம்பு. மீதிப் பேருக்கு வேற வாசனை போட்ட சும்மா களிம்பு. யாருக்கு எதுன்னு உங்களுக்கும் தெரியக் கூடாது, எனக்கும் தெரியக் கூடாது. ஆனா பேப்பர்காரங்க சந்தனம்னு எழுதித் தொலைச்சுட்டாங்க. வர்றவங்க டியூபைத் திறந்ததும் மோந்து பார்த்துடறாங்க."

ஓட்மார் தொப்பென்று நாற்காலியில் சாய்ந்தார். "அப்போ என்னைச் சேர்க்க மாட்டீங்க."

"ஏன்?"

"எனக்கு வாசனையே தெரியாது. பிறந்ததுலேர்ந்து."

டாக்டர் யான்செனின் கை ஆடுவது நின்றுவிட்டது. எழுந்து வெளியே ஓடினாள். திரும்பி வரும்போது கூடவே புள்ளிவிவரக்காரர் ஒருவரையும் அழைத்து வந்தாள். ஒல்லியான மனிதர், ஸ்வெட்டரை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டிருந்தார். அவர் ஓட்மாரின் கையைப் பிடித்துக் குலுக்கத் தொடங்கினார், விடவே இல்லை. "உங்கள மாதிரி ஒருத்தர் எங்கயாவது இருப்பார்னு எனக்குத் தெரியும்" என்றார். அதுவரை வாழ்க்கையில் யாரும் ஓட்மாரிடம் அப்படிச் சொன்னதில்லை.

"ஆனா ஒண்ணு கேக்கணும்" என்றார் ஓட்மார். "எனக்கு மூக்கே வேலை செய்யாதே. தோல் மட்டும் எப்படி வேலை செய்யும்?"

"உங்க கேஸ்ல மூக்குலேர்ந்து மூளைக்குப் போற வழிதான் இருக்காது. தோலுக்கு அந்த வழி வேண்டாம். தோல்ல பூட்டு இருக்கும்."

"அப்போ என் கால் மோப்பம் பிடிக்குமா?"

"ஒரு விதத்துல" என்றாள் டாக்டர். இரண்டு சொல். அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று பிற்பாடு அவளே ஒத்துக்கொண்டாள்.

கட்டு மாற்றும் அறையில் எல்லாரும் மூக்கடியில் தைலம் பூசிக்கொண்டிருந்தார்கள், மருந்தின் வாசனை தெரியாமல் இருக்க. சிலர் கிளிப்பும் போட்டிருந்தார்கள். "அவ்வளவு மோசமா இருக்கா என் கால்?" என்று ஓட்மார் கேட்டார். "இல்ல, நல்லா இருக்கான்னு தெரியக் கூடாது" என்று நர்ஸ் மூக்கில் பேசினாள். அந்த அறையிலேயே எந்தத் தடுப்பும் இல்லாமல் உட்கார்ந்திருந்தவர் அவர் ஒருவர்தான். நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார் என்று கேள்வி.

வீட்டில் களிம்பு போட வேண்டியது ரோஸ்வீட்டா. டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "மேடம், உங்களுக்குத் தெரிஞ்சுடும். அவர்கிட்ட சொல்லக் கூடாது" என்றாள்.

"டாக்டரம்மா, கல்யாணம் ஆனதுலேர்ந்து அவர்கிட்ட சொல்றதுதானே என் வேலை?"

"இப்போ கொஞ்ச காலம் லீவு எடுத்துக்கோங்க."

முதல் நாள் வீட்டில் டியூபின் மூடியைத் திறந்தாள். பச்சை ஆப்பிள். குழந்தைகளுக்குத் தலைக்குப் போடுகிற ஷாம்பு வாசனை. சந்தனம் என்பது பக்கத்தில்கூட இல்லை. அவள் முகத்தை ஒன்றும் ஆகாதது மாதிரி வைத்துக்கொண்டு பூசினாள், துணி வைத்தாள், இறுக்கிக் கட்டினாள். ஓட்மார் காலைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அன்றிலிருந்து ஓட்மாருக்குக் கால் மேல் ஒரு தனி மரியாதை வந்துவிட்டது. முன்பெல்லாம் அதைத் திட்டுவார். இப்போது சாயங்காலம் தோட்டத்தில் ஸ்டூல் போட்டு அதன்மேல் காலை நீட்டி, "என்னடா, எப்படி இருக்கு?" என்று மெதுவாகக் கேட்பார். தக்காளிச் செடிப் பக்கம் ஸ்டூலைத் திருப்புவார். ஒருநாள் கட்டோடு காலைத் தூக்கி லைலாக் புதருக்குள் விட்டு வைத்திருந்தார். நான் வேலிக்கு இந்தப் பக்கத்திலிருந்து, "எதுக்கு?" என்று கேட்டேன்.

"கட்டு இருக்கறதால சரியாத் தெரியாதுதான். ஆனா ஏதோ ஒரு துடிப்பு இருக்கு" என்றார்.

அவர் ரோஸ்வீட்டாவிடம் எதுவும் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டிருக்கிறார். சட்டம் என்றால் சட்டம். சாக்கடையிலும் அப்படித்தான் இருந்தார். ஆனால் எங்கள் சங்கத்தில் எல்லாருக்கும் மூக்கு இருந்தது. கோடைக் கூட்டத்தில் லோதர் சாசேஜ் சுட்டுக்கொண்டிருந்தார். ஓட்மார் தட்டோடு பக்கத்தில் போய் நின்றார். லோதர் குனிந்து மோந்தார்.

"டேய் ஓட்மாரு, என்னடா இது, உன் மேல பச்..."

ரோஸ்வீட்டா கையிலிருந்த உருளைக்கிழங்கு சாலட் கரண்டியை அப்படியே லோதர் வாயில் வைத்துவிட்டாள்.

"பச்சைத் தக்காளி எடுத்துட்டு வந்தியான்னு கேக்கறார்" என்றாள் கணவனிடம்.

"பச்சைத் தக்காளி எதுக்கு?" என்றார் ஓட்மார்.

லோதர் விழுங்கி முடித்ததும் அவரைத் தோட்டக் குடிசைக்குப் பின்னால் இழுத்துப் போய் விஷயத்தைச் சொன்னாள். அடுத்த வாரம் செயற்குழு கூடி, பியோன்டெக் அவர்களின் கால் எப்படி மணக்கிறது என்பதைப் பற்றி உறுப்பினர்கள் பேசக் கூடாது என்று தீர்மானம் போட்டோம். ஒருவர் மட்டும் எதிர்த்து வாக்களித்தார். அவர் எல்லாத் தீர்மானத்தையும் எதிர்ப்பார்.

ரோஸ்வீட்டாவால் தாங்க முடியவில்லை. ஒருநாள் பல்கலைக்கழகத்துக்கே போய்விட்டாள். இதை அவளே என்னிடம் சொன்னாள். அறைக்குள் நுழைந்ததும் டாக்டர் யான்சென் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

"சொல்லாதீங்க! முகத்தையும் காட்டாதீங்க, முகத்துலயே தெரியுது! அந்தப் பக்கம் திரும்புங்க!"

ரோஸ்வீட்டா சுவரைப் பார்த்துத் திரும்பினாள். டாக்டரும் ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். முதுகோடு முதுகாகப் பேச்சு நடந்தது.

"என்னால முடியல டாக்டரம்மா."

"அவர் கேட்டுத் தொல்லை பண்றாரா?"

"கேக்கறதில்ல. அதுதான் தொல்லை. கேட்டா அதட்டலாம். காலோட பேசறார்."

"காலோடயா?"

"நீங்கதானே கால் மோப்பம் பிடிக்கும்னு சொன்னீங்க. வாழ்நாள்ல முதல் தடவையா ஏதோ ஒரு பக்கம் வாசனை தெரியுதுன்னு நெனச்சிட்டிருக்கார். புண்ணு ஆறுதா இல்லையான்னு அவர் பார்க்கறதே இல்ல."

"நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றாள் டாக்டர். "ஆனா இப்போ நிறுத்தினா அவரோட கணக்கு வீணாயிடும். இந்தச் சோதனையிலேயே சுத்தமான கணக்கு அவரோடதுதான்." ரோஸ்வீட்டா சுவரைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு வந்துவிட்டாள்.

புண் ஆறிக்கொண்டு வந்தது. அதுதான் வேடிக்கை. தினமும் தவறாமல் கட்டு மாற்றினாள், இறுக்கிக் கட்டினாள், அவரும் காலைத் தூக்கி வைத்தார். இலையுதிர் காலத்தில் நகக்கண் அளவுக்குச் சுருங்கி, அப்புறம் மூடியும் விட்டது. சோதனை முடிந்து இரகசியத்தைத் திறந்த நாளில் டாக்டர் இருவரையும் உட்காரவைத்தாள். இந்தத் தடவை கையை ஆட்டவில்லை.

"பியோன்டெக் சார், உங்களுக்குக் கிடைச்சது சும்மா களிம்பு."

"சும்மான்னா?"

"தோல்ல அதுக்குப் பூட்டு கிடையாது. நல்லா கட்டுப் போட்டதாலதான் ஆறியிருக்கு."

ஓட்மார் காலைப் பார்த்தார். கால்சட்டையை இறக்கி மூடினார். "அப்போ நிஜக் களிம்பை இப்போ தர முடியுமா?"

"புண் இருந்தாத்தான் தர முடியும்."

டிராமில் திரும்பி வரும்போது அவர் கேட்டார்: "உனக்கு எப்போலேர்ந்து தெரியும்?"

"முதல் நாள்லேர்ந்து."

"என்ன வாசனை?"

"ஆப்பிள்."

அவர் வீட்டுக்குப் போகவில்லை. தோட்டத்துக் குடிசையில் போய்ப் படுத்துக்கொண்டார். சங்க விதிப்படி குடிசையில் இரவு தங்கக் கூடாது. லோதர் வந்து வாசலில் நின்று, "ஓட்மாரு, நண்பனாச் சொன்னா வருத்தமா இருக்கு. தலைவனாச் சொன்னா எச்சரிக்கை" என்று சொல்லிவிட்டு ஒரு போர்வையைக் கொடுத்துவிட்டுப் போனார்.

சில நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை ரோஸ்வீட்டா காபியும் கேக்கும் எடுத்துக்கொண்டு வந்தாள். நான் வேலியோரத்தில் இலை கூட்டிக்கொண்டிருந்தேன். கூட்டுவதை நிறுத்தவில்லை, ஆனால் ஒரே இடத்தில் கூட்டினேன்.

"ஆப்பிள் மேல எனக்குக் கோவமில்ல" என்றார் ஓட்மார். "நான் காலோட பேசிட்டிருந்தேன். நீ கதவுகிட்ட நின்னு கேட்டுட்டிருந்தே."

"ஆமா."

"சிரிச்சியா?"

"ஒரு தடவை."

"எப்போ?"

"லைலாக்ல காலை விட்டுட்டு நின்னியே, அப்போ."

ஓட்மார் கேக்கை மென்றார். "அது சிரிக்க வேண்டியதுதான்" என்றார். "மத்த நேரத்துல?"

"மத்த நேரத்துல அழுகையா வந்துது. கட்டை இறுக்கிக் கட்டினேன்."

"அதான் அவ்வளவு வலிச்சுதா?"

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனார். போர்வையை லோதருக்குத் துவைத்துத் திருப்பிக் கொடுத்தார்கள்.

குளிர்காலம் முடிகிற சமயத்தில் டாக்டர் யான்சென் போன் செய்தாள். எடுத்த எடுப்பில், "பியோன்டெக் சார், உங்க தலை எப்படி?" என்றாள்.

"வழுக்கை."

"முழுசாவா?"

"ஓரத்துல கொஞ்சம் இருக்கு."

"போதும்" என்றாள். முடியின் வேரிலும் அதே பூட்டு இருக்கிறதாம். அதைத் திறந்தால் முடி உதிர்வது தள்ளிப்போகுமா என்று புதுச் சோதனை. புள்ளிவிவரக்காரர் அவர் பெயரை மட்டும் தனியாகக் கேட்டாராம்.

இந்தத் தடவை ஓட்மார் ஒரு நிபந்தனை போட்டார். நிபந்தனை டாக்டருக்கு இல்லை, மனைவிக்கு. "எனக்குத் தெரியாதது உனக்கும் தெரியக் கூடாது. நீயும் தைலம் பூசிக்கோ."

"வீட்லயா? பூராவுமா?"

"பூராவும்."

டியூப் வீட்டுக்கு வருவதற்கு முன்பே ரோஸ்வீட்டா பூசிக்கொண்டாள். நியாயம் என்று பட்டிருக்கிறது. அந்த வசந்தமும் கோடையும் அந்த வீட்டில் யாருக்கும் மூக்கு இல்லை. கெட்டுப்போன பாலை இரண்டு பேரும் குடித்தார்கள். சூப் கருகியது. அவள் சமைத்ததை யாரும் சாப்பிடப் போகவில்லை. ஒருநாள் வேலியோரம் வந்து என்னிடம், "இந்த மனுஷன் இத்தனை வருஷம் எப்படிச் சாப்பிட்டார்? எல்லாம் ஈர அட்டை மாதிரி இருக்கு" என்றாள். அன்று அவருக்கென்று கடுகும் மிளகும் அதிகம் போட்டு ஏதோ செய்தாள். அவளும் அதையே தின்றாள்.

மற்றபடி, ஓட்மார் தோட்டத்து வாசலுக்கு வந்தால் எங்கள் குடிசைவரை சந்தனம் வீசியது. நாங்கள் எல்லாரும் ஒன்றும் சொல்லாமல் வெங்காயம் நட்டோம். பழைய தீர்மானத்தில் கால் என்று மட்டும் இருந்ததால் செயற்குழு கூடித் தலையையும் சேர்த்தது.

முடிவு சொல்லும் நாளில் கூட்டமாகப் போக அனுமதி கேட்டு லோதரும் நானும்கூடப் போனோம். டாக்டர் பூதக்கண்ணாடியை வைத்து அவர் தலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். சோதனை மொத்தத்தில் சின்ன வித்தியாசம் தெரிகிறது, இன்னும் நிறைய பேரைப் பார்க்க வேண்டும், அவர் தலையில் சொல்லிக்கொள்கிற மாதிரி எதுவும் முளைக்கவில்லை என்றாள்.

"அதெல்லாம் இருக்கட்டும்" என்றார் ஓட்மார். "எது?"

"நிஜ மருந்து. சந்தனம்."

ரோஸ்வீட்டா கைக்குட்டையால் மூக்கடியைத் துடைத்தாள். எழுந்து போய்க் கணவனின் தலையில் மூக்கை வைத்தாள். அப்படியே நின்றாள். லோதர் என்னை முழங்கையால் இடித்து, ஜன்னல் வழியாகக் கார் நிறுத்துமிடத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

ஓட்மார் டாக்டரிடம் கேட்டார்: "அப்போ இது இத்தனை நாளா மோந்துக்கிட்டே இருந்துச்சா?"

டாக்டர் இந்தத் தடவை சொல்லை அளந்து அளந்து பேசினாள். "பூட்டு திறந்திருக்கும்னு நினைக்கிறோம். ஆனா அந்தச் செய்தி உங்க மூளைக்குப் போகாது. உங்களுக்குத் தெரியவே தெரியாது."

"பரவாயில்ல" என்றார். "அதுக்குத் தெரிஞ்சா சரி. எல்லாத்தையும் எங்கிட்ட சொல்லணும்னு இல்ல."

அதற்குப் பிறகு அவர் தொப்பி போடுவதை நிறுத்திவிட்டார். அக்டோபர் போய் நவம்பர் வந்தது. மழையிலும் வெறும் தலையோடு முட்டைக்கோஸ் அறுத்தார். சளி பிடித்தது. ரோஸ்வீட்டா தொப்பியோடு துரத்திக்கொண்டு தோட்டத்துக்கு வந்தாள்.

"மூடிக்கோய்யா. மூக்கு அடைச்சுக்கிட்டு நிக்கற பாரு."

"அடைக்கட்டும். அதுல எனக்கென்ன நஷ்டம்?"

"சரி, இப்போ என்ன மோக்குது உன் மண்டை?"

ஓட்மார் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, உண்மையாகவே யோசித்தார்.

"தெரியல. நீ சொல்லு."

அவள் மூச்சை இழுத்தாள். ஈர மண், அறுத்த முட்டைக்கோஸ், லோதர் குடிசையில் எரிகிற விறகு. எதை முதலில் சொல்வது என்று பார்த்துவிட்டு, விறகிலிருந்து தொடங்கினாள்.